தலைவருக்காகத் தேய்பவர்கள்: பல நாள் சைக்கிள் பந்தயங்களில் அணி வியூகம் (கேள்வி பதில்)

டூர் டி பிரான்ஸ் போன்ற பல கட்டப் பந்தயங்களில் அணிகள் எப்படி இயங்குகின்றன என்று கேட்டு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: சைக்கிளை மிதிப்பவர் தனி மனிதர், கோப்பையை வாங்குபவரும் தனி மனிதர். பிறகு அணி எதற்கு?

காற்றுக்காகத்தான். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிச் செல்லும்போது வீரரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. முன்னால் செல்பவரின் சக்கரத்தை ஒட்டியே செல்பவருக்கு அந்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்கள் கொண்ட பந்தயத்தில் இந்த மிச்சத்தை நாள்தோறும் சேர்த்துவைப்பவருக்கே மூன்றாவது வாரத்து மலைகளில் கால்கள் ஒத்துழைக்கும். 2018 முதல் இப்பந்தயங்களில் ஓர் அணிக்கு எட்டுப் பேர்தான். அதற்கு முன்பு ஒன்பது பேர். வெல்ல வேண்டியவர் என்று அணி தேர்ந்தெடுத்த தலைவரைத் தவிர்த்த ஏழு உதவி வீரர்களில் யாரை எந்த நாளில், எந்த ஏற்றத்தில், எத்தனை கிலோமீட்டருக்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வதுதான் வியூகம்.

கேள்வி: வியூகத்தால் மட்டுமே முடிவு மாறிய ஒரு நாளைச் சொல்ல முடியுமா?

"மட்டுமே" என்று சொல்லத் தயங்குவேன். கால்களில் வலு இல்லாமல் எந்த வியூகமும் நடக்காது. ஆனாலும் 2022 ஜூலை 13 அன்று, டூர் பந்தயத்தின் 11-ஆம் கட்டத்தில் யும்போ-விஸ்மா அணி செய்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி அன்று காலை வேறு அணியின் தடேய் பொகாச்சரிடம் இருந்தது. யும்போ-விஸ்மாவின் யோனஸ் விங்ககோ 39 விநாடிகள் பின்தங்கியிருந்தார். அவருடைய அணியிலேயே இருந்த பிரிமோஷ் ரோக்லிச் மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கியிருந்தார். காலிபியே மலையின் கீழ்ப்பகுதியில், முடிவுக்கோடு இன்னும் வெகு தொலைவில் இருக்கும்போதே, இவ்விருவரும் மாறி மாறித் திடீரென வேகம் கூட்டிப் பாய்ந்தார்கள். ஒருவர் பாய்வார், பொகாச்சர் துரத்திப் பிடிப்பார், அவர் மூச்சு வாங்குவதற்குள் மற்றவர் பாய்வார். ரோக்லிச்சை "போகட்டும்" என்று விட்டுவிடவும் வழியில்லை. ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை அதற்குள் மூன்று முறை வென்றிருந்தவருக்கு மலைகளில் மூன்று நிமிடங்களை ஈட்டுவது இயலாத காரியம் அல்ல.

எல்லாப் பாய்ச்சலுக்கும் பொகாச்சர் தானே பதில் கொடுத்தார். அதோடு நில்லாமல், காலிபியேயின் மேல்பகுதியில் தானே வேகம் கூட்டி, விங்ககோவைத் தவிர மற்ற எல்லோரையும் உதறிவிட்டார். அப்போது பார்த்தவர்களுக்கு அவர்தான் வலிமையானவராகத் தெரிந்திருப்பார். கணக்கு தீர்ந்தது கடைசி ஏற்றமான கிரானோனில். 11 கிலோமீட்டருக்குச் சராசரியாக 9 சதவீதச் சரிவு, 2,413 மீட்டர் உயரத்தில் முடிவுக்கோடு. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் எஞ்சியிருந்தபோது விங்ககோ பாய்ந்தார். பொகாச்சரால் எழுந்து மிதிக்கவே முடியவில்லை, திறந்த ஜெர்சி இருபுறமும் படபடக்க உட்கார்ந்தபடியே ஏறினார். அந்த ஒரே மலையில் அவர் இழந்தது 2 நிமிடம் 51 விநாடிகள். ரோக்லிச்சோ அன்று பத்து நிமிடங்களுக்கும் மேல் இழந்தார். தம் வாய்ப்பையே கொடுத்துத்தான் அவர் விங்ககோவுக்கு அந்த ஜெர்சியை வாங்கித் தந்தார் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பொகாச்சரின் அணியினர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். கோவிட் தொற்றால் இருவர் அதற்கு முன்பே பந்தயத்தை விட்டு வெளியேறியிருந்தனர். காலிபியேயில் பாய்ச்சல்கள் உச்சத்தில் இருந்தபோது அவருக்காகத் துரத்த அருகில் ஒருவரும் இல்லை.

கேள்வி: மலையில்லாத நாட்களில் வியூகத்துக்கு வேலை உண்டா?

உண்டு, பக்கவாட்டிலிருந்து காற்று வீசும் நாட்களில் மிக அதிகமாகவே உண்டு. அப்போது நேர் பின்னால் ஒளிந்து பயனில்லை. வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்கோட்டில் அணிவகுக்க வேண்டும். சாலையின் அகலம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேருக்கே அந்த வரிசையில் மறைவு கிடைக்கும். மற்றவர்கள் சாலையோரத்தில் ஒற்றை வரிசையாக நீண்டு, எங்கேனும் அறுந்துவிடுவார்கள். 2013 டூரின் 13-ஆம் கட்டத்தில், பெரும்பாலும் சமதளமான சாலையில், ஆல்பர்டோ கொன்டடோரின் அணியினர் ஆறு பேர் ஒரே நேரத்தில் வேகத்தைக் கூட்டினர். மஞ்சள் ஜெர்சியில் இருந்த கிறிஸ் ஃப்ரூம் சில மீட்டர் இடைவெளியில் அந்த வரிசையைத் தவறவிட்டார். விளைவு, 1 நிமிடம் 9 விநாடி இழப்பு. அதே நாளில் சக்கரம் பழுதான அலெஹாந்த்ரோ வால்வெர்தே கிட்டத்தட்ட பத்து நிமிடங்களை இழந்தார்.

கேள்வி: உதவி வீரருக்குத் தாமே வெல்லும் வாய்ப்பு வரவே வராதா?

மிக அரிதாக வரும். 2023-இல் யும்போ-விஸ்மாவின் உதவி வீரர் செப் கஸ், இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில் ரோக்லிச்சுக்கும் டூரில் விங்ககோவுக்கும் மலைகளில் வழிகாட்டிய பிறகு, அதே ஆண்டில் வுவெல்டாவுக்கும் வந்தார். ஆறாம் கட்டத்தில் முன்னே பிரிந்து சென்ற குழுவோடு போய் வென்றபோது அவருக்கு நேர ஆதாயம் கிடைத்தது, பிறகு வுவெல்டாவில் முதலிடத்தில் இருப்பவருக்கான சிவப்பு ஜெர்சியும் வந்தது. ஆனால் ஆங்லிரு மலையில் அவருடைய அணித் தோழர்களான ரோக்லிச், விங்ககோ இருவருமே அவரை விட்டு முன்னேறினார்கள். முன்னிலை வெறும் 8 விநாடிகளாகச் சுருங்கியது. அதற்குப் பின்னரே அணி அவருக்காக நின்றது. இறுதியில் 17 விநாடிகளில் அவர் வென்றார். அன்று ஆங்லிருவில் அவரை விட்டுச் செல்லாமல் உடன் அழைத்துச் சென்றிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆண்டு முழுவதும் பிறருக்காக உழைத்தவருக்கு அணி அந்தக் கடனைத் திருப்பித் தரக் கடமைப்பட்டிருந்தது.

கேள்வி: சமதரைக் கட்டங்களின் கடைசி மீட்டர்களில் சீறிப் பாயும் வேக வீரருக்கு மலையில் அணி எப்படி உதவும்?

ஒவ்வொரு நாளும் ஒரு நேர வரம்பு உண்டு. அதற்குள் வராதவர் வெளியேற வேண்டும். 2021-இல் டின்ய் மலைக்கட்டத்தில் மார்க் கேவெண்டிஷ் ஒன்றரை நிமிடம் மட்டுமே மிச்சம் இருக்கும்போது வந்து சேர்ந்தார். அணித் தோழர்கள் கூடவே வந்து வேகத்தைச் சீராக்கிக் கொடுக்காவிட்டால், சில நாட்கள் கழித்து கார்கசோனில் டூரில் எடி மெர்க்ஸ் வைத்திருந்த 34 கட்ட வெற்றிகள் என்ற சாதனையை அவர் சமன் செய்திருக்க முடியாது. அந்த கார்கசோன் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவர், கடைசி மீட்டர்கள் வரை அவருக்குக் காற்றை மறித்துக் கொடுத்த அணித் தோழர் மிக்கேல் மொர்கோவ்.

கேள்வி: பரிசுப் பணம் யாருக்கு?

டூரில் ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 5 லட்சம் யூரோ. ஆனால் அணி வென்றதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வீரர்கள் பகிர்ந்துகொள்வதே மரபு. மெக்கானிக்குகள், மசாஜ் செய்பவர்கள் ஆகியோருக்கும் வழக்கமாக அதில் பங்கு உண்டு.