கடைசி வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள்?

கேள்வி: வீட்டில் நாங்கள் ஆறு பேர். நான், மனைவி, 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா. 15 லட்சத்துக்குள் மூன்று வரிசை கார் வேண்டும். மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ், பழைய டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா, இதில் எதை எடுக்கலாம்? மனைவிக்கு கேரன்ஸின் தோற்றம் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கு இன்னோவா தவிர வேறெதுவும் வண்டியே இல்லை. வருடத்துக்கு நாலைந்து தடவை கொல்லிமலைக்குக் குலசாமி கும்பிடப் போவோம்.
– நாமக்கல் வாசகர்

பதில்: முதலில் ஆறு பேரையும் மனசுக்குள் உட்கார வைத்துப் பாருங்கள். நீங்கள் ஓட்டுவீர்கள், அப்பா முன்னால். அம்மாவால் பின்னால் ஏற முடியாது, அதனால் நடு வரிசை. சின்னவனின் சைல்டு சீட்டை (குழந்தைக்கான தனி சீட்டை) வண்டியோடு மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் நடு வரிசையில்தான். மிச்சம் மூன்றாம் வரிசை: மூத்தவனும் உங்கள் மனைவியும். பெரும்பாலான வீடுகளில் கடைசி சீட்டு பிள்ளைகளின் அம்மாக்களுக்குத்தான் போய்ச் சேருகிறது. ஷோரூமில் அங்கே உட்கார்ந்து பார்க்காததும் அவர்கள்தான்.

சைல்டு சீட்டை இடது பக்கம் மாட்டினால் அந்தப் பக்கத்து சீட்டை மடிக்க முடியாது. பின்னால் ஏறுபவர் சாலைப் பக்கமாக ஏற வேண்டும். வலது பக்கம் மாட்டி, அம்மாவை இடது பக்கம் உட்கார வைத்தால், ஒவ்வொரு டீக்கடையிலும் அம்மா இறங்கினால்தான் மனைவி இறங்கலாம். அந்த முழங்காலுக்கு இது தண்டனை. நடுவில் இடைவெளி விட்ட கேப்டன் சீட், அதாவது 6 சீட் வண்டி, என்றால் மூத்தவன் நடுவே நுழைந்துவிடுவான், மனைவியும் கொஞ்சம் சாய்ந்து வந்துவிடலாம். எர்டிகாவில் அந்த அமைப்பு இல்லை. அதே கம்பெனியின் எக்ஸ்எல்6-ல் உண்டு, கேரன்ஸில் சில வேரியன்ட்டுகளில் உண்டு.

கிரிஸ்டாவை நான் தள்ளி வைப்பதும் அம்மாவுக்காகத்தான். சேஸி என்ற தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி வைத்த வண்டி, உள் தரை உயரம். காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். அப்பா விடவில்லை என்றால், வாங்கப் போகும் வண்டி டி போர்டில் (வாடகை வண்டியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த வண்டியாக) மாறியதா என்று ஆர்சி புக்கில் பாருங்கள். கிலோமீட்டரை நம்பாமல் சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள்.

பாதுகாப்பில் ஏர்பேக்கை மட்டும் எண்ணாதீர்கள். கேரன்ஸ் 2022-ல் வந்தபோதே 6 ஏர்பேக்கோடு வந்தது; அந்த வருட குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5-க்கு 3 ஸ்டார்தான், பாடியின் கூடு நிலையற்றது என்றும் சொன்னார்கள். எர்டிகாவுக்கும் 2019-ல் அதே 3 ஸ்டார், அதே குறை. இன்னோவாவின் புது மாடலான ஹைகிராஸ் 2025-ல் நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் 5 ஸ்டார் வாங்கியது, ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே. இன்னொன்று: இந்தச் சோதனைகளில் பெரியவர் பொம்மைகள் முன்னாலும் குழந்தை பொம்மைகள் நடுவிலும் இருக்கும்; கடைசி வரிசையில் யாரும் இல்லை. ஆகவே ஜன்னல் ஓரமாக விரியும் கர்ட்டன் ஏர்பேக் கடைசி ஜன்னல் வரை வருகிறதா, ஹெட்ரெஸ்ட் மனைவியின் தலை உயரத்துக்கு ஏறுகிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஆறு பேரும் மூட்டையும் ஏறி, ஏசியும் ஓடினால், எர்டிகாவின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை இரண்டாம் கியரில் கத்த விட்டுத்தான் ஏற்ற வேண்டும். கேரன்ஸின் டர்போவோ டீசலோ இந்த விஷயத்தில் நிம்மதி. சிஎன்ஜி வேண்டவே வேண்டாம்: மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216 லிட்டர்தான். அதில் சிலிண்டரையும் வைத்தால் பொங்கல் பானை எங்கே போகும்?

தோற்றம் குறித்து ஒன்றே ஒன்று. கடைசி ஜன்னல் சின்னதாக இருந்தால் வெளியே பார்க்க முடியாமல் வளைவில் பிள்ளைகளுக்கு வாந்தி வரலாம். முன் முகத்தை விட அதைப் பாருங்கள்.

என் ஓட்டு 6 சீட் கேரன்ஸுக்கு, டீசலோ டர்போவோ, எது கிடைக்கிறதோ அதில். விலை தாண்டினால் எக்ஸ்எல்6. கொட்டேஷனில் இருக்கும் அதே வேரியன்ட்டில் எத்தனை ஏர்பேக் என்று எழுதி வாங்குங்கள். டெஸ்ட் டிரைவுக்கு ஆறு பேரும் போங்கள், சைல்டு சீட்டையும் தூக்கிக்கொண்டு. வண்டியை உங்கள் அப்பாவோ நீங்களோ ஓட்டுங்கள், மனைவி கடைசி வரிசையில் அரை மணி நேரம் உட்காரட்டும்.