குன்னூர் ஆறும் சித்தப்பாவின் கேரட்டும்

வணக்கம் சார்,

சொந்த ஊர் குன்னூர், வேலை கோவையில். போன மாதம் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று ஆற்றைச் சுத்தம் செய்ய இறங்கினேன். நாற்பது மூட்டை குப்பை எடுத்தோம். வீட்டுக்கு வந்தால் அப்பா, "ஒரு மழை பெய்யட்டும், மறுபடி வந்து எடுங்க" என்று சிரிக்கிறார். கேத்தி பாலாடாவில் கேரட் போடும் சித்தப்பாவோ, "சுற்றுச்சூழல்காரங்க வர்றதே எங்க வயித்துல அடிக்கத்தான்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அடுத்து மேலே உள்ள சரிவில் மரக்கன்று நடலாம் என்று குழுவில் பேச்சு. இதனால் ஆறு பிழைக்குமா, இல்லை போட்டோவோடு முடிகிற கதையா?

ர., குன்னூர்

அன்புள்ள ர.,

உங்கள் அப்பா சொன்னது உண்மைதான். 2019-ல் க்ளீன் குன்னூர் அமைப்பினர் இயந்திரங்களை இறக்கி இதே ஆற்றிலிருந்து ஆயிரக்கணக்கான டன் குப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் உங்களுக்கு நாற்பது மூட்டை மிச்சம் இருந்திருக்கிறது.

நானும் ஒருமுறை இறங்கியிருக்கிறேன். என் மூட்டையில் வந்தவை ஒரு கிழிந்த ஸ்வெட்டர், டீ கப்புகள், தண்ணீர் குடித்து ஊறிய டயப்பர்கள் (ஒவ்வொன்றும் ஒரு பச்சைப்பிள்ளை கனம்), அப்புறம் கோழிக்கழிவு கட்டிய கறுப்பு கவர்கள். நம் மாவட்டத்தில் கவருக்குத் தடை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அது வேறு விஷயம். கூட இருந்த ஒரு அம்மாதான் கவனித்தார், கறுப்பு கவர் எல்லாம் ஒரே வளைவில்தான் கிடக்கிறது என்று. நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே சந்து. திங்கட்கிழமை இரண்டு பேர் அந்தச் சந்துக்குப் போய்க் கடைக்காரர்களிடம் பேசினார்கள். முதல் வாரம் ஏச்சு, இரண்டாம் வாரம் டீ. அந்த வளைவில் இப்போது கவர் குறைவு. சனிக்கிழமை ஆற்றில் இறங்காமல் இருந்திருந்தால் அந்தச் சந்து எங்கள் கண்ணில் பட்டிருக்காது. எல்லாம் இப்படியே முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு ஓடையில் கழிவுநீர்க் குழாய் இறங்குகிறது என்று மனு எழுதிக்கொண்டு ஒரு அலுவலகத்தில் மூன்று மேசை அலைந்தேன். மூன்றிலும் "இது எங்க எல்லை இல்ல" என்றார்கள். குழாய் இன்னும் இருக்கிறது.

கோத்தகிரி பக்கம் லாங்வுட் சோலைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 116 ஹெக்டேர் காடு, அவ்வளவுதான். சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான். விறகு வெட்டுவதைத் தடுத்து, சோலை மர நாற்று வளர்த்து, உள்ளூர்க்காரர்கள் குழுவாக அதைக் காத்து வந்தார்கள். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான சதுப்பு, நீர்நிலைகளின் பட்டியல்) சேர்ந்தபோதுதான் பத்திரிகைகளில் பெயர் வந்தது. காவல் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது.

மரக்கன்று விஷயத்தில்தான் எனக்குப் பயம். என்ன கன்று, எந்த இடத்தில்? ஊட்டியிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் அளந்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் 1972-ல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கத்தின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. கோடையில் ஓடையை ஓட வைக்கும் ஊற்றுத் தண்ணீர் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. நம் மலையில் புல்லும் பள்ளத்துச் சதுப்பும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்து அதில் கன்றை ஊன்றிவிட்டு வராதீர்கள். சோலை இருந்து அழிந்த இடமென்றால் சோலை மரம் நடலாம். சீகை (வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம்) மண்டிய இடமென்றால் வனத்துறையோடு பேசி அதை எடுப்பதுதான் முதல் வேலை.

இனி சித்தப்பா. அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நடு ராத்திரியில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்கி, மூட்டையைக் கழுவும் இயந்திரத்துக்குக் கொண்டுபோய், விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிட வேண்டும். மண் ஒட்டிய கேரட்டுக்கு மண்டியில் விலை கிடையாது. கழுவிய சேறு ஓடைக்குப் போவதும், கழுவுகிற தண்ணீர் அதே ஓடையிலிருந்து வருவதும் அவருக்குத் தெரியாததா? சேற்றை ஒரு குழியில் தேக்கித் தெளிய விட்டு அதே தண்ணீரை மறுபடி எடுக்கலாம். அதற்கு இடமும் காசும் வேண்டும், அதை அவர் ஒருவர் தலையில் கட்ட முடியாது. அவரைத் திட்டுகிறவர்கள் மேலே சரிவை வெட்டிக் காட்டேஜ் கட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவர் கோபத்தில் பாதியாவது நியாயம் என்பேன்.

கன்று நடுவதற்கு முன்னால் ஒரு காலையில் அவரையும் அந்தச் சரிவுக்குக் கூட்டிப் போங்கள். எந்தப் பள்ளத்தில் ஊற்று இருந்தது, எப்போது வற்றியது என்று அவர் கை நீட்டிச் சொல்வார். அவர் காட்டுகிற இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள். கேரட் விலை ஏறியிருக்கிற வாரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், உடனே வருவார்.