படைவீரர் மன்றத்தில் ஒரு ஜெபம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். லெந்து எனும் தவக்கால நாட்களின் வெள்ளிக்கிழமைகளில் இங்குள்ள அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் போஸ்ட் (ஊர்க்கிளை) ஹாலில் மீன் வறுவல் சாப்பாடு போடுகிறார்கள். வியட்நாம் போருக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சாப்பிடும் முன் சாப்ளெய்ன், அதாவது அந்த ஹாலின் ஜெபப் பொறுப்பாளர், என்று ஒருவர் எழுந்து ஜெபித்தார். விசாரித்தால் அவர் போதகரே இல்லை, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் கொடி. மூலையில் யாரும் உட்காராத ஒரு மேசை, அதன்மேல் பைபிள். 'சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்' என்று படித்து வளர்ந்த எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. போரையும் தேவனையும் ஒரே கூரையின் கீழ் வைக்கலாமா? பெரியவர் மறுபடியும் கூப்பிடுகிறார். போவதா, வேண்டாமா? போனால் அவரிடம் என்ன பேசுவது?

அன்புள்ள நண்பருக்கு,

வாய் வராதபோது ஆமென் சொல்லாமல் இருந்தது நல்லதுதான். ஆனால் அந்த லாரி ஓட்டுநர் மேல் உங்களுக்கு வந்த சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். போஸ்ட் சாப்ளெய்ன் குருப்பட்டம் பெற்றவராக இருக்கவேண்டியதில்லை. உறுப்பினர்களில் ஒருவரையே அந்தப் பொறுப்பில் அமர்த்துவார்கள். நீங்கள் பார்த்த ஜெபம் அவர் வேலையில் சிறு துண்டுதான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறுப்பினரைப் போய்ப் பார்ப்பது, அடக்க ஆராதனையில் நிற்பது, ரொம்ப நாளாக ஹால் பக்கமே வராதவருக்குப் போன் போடுவது, இவைதான் மீதி. லீஜனில் ஒருவர் இறந்தால் 'நித்திய போஸ்ட்டுக்கு மாற்றலாகிப் போனார்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. பட்டாளத்து பாஷையிலேயே மறுமையைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த சொல் அது.

சாப்ளெய்ன் என்ற சொல்லுக்கே ஒரு கதை இருக்கிறது. (தமிழில் எழுதினால் சார்லி சாப்ளின் நினைவுக்கு வந்துவிடுகிறார், என்ன செய்ய.) நான்காம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியச் சிப்பாய், இன்றைய பிரான்சில் உள்ள ஆமியென் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனைப் பார்த்து, தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பார்கள். எஞ்சிய பாதியைப் பிற்காலத்தில் புனிதப் பொருளாகக் காத்துவந்தார்கள். லத்தீனில் அதன் பெயர் கப்பெல்லா, காத்தவர்கள் கப்பெல்லானி. சேப்பல் (சிற்றாலயம்), சாப்ளெய்ன் இரண்டும் அதிலிருந்து வந்தவை. அதே மார்ட்டின்தான் பிறகு, நான் கிறிஸ்துவின் போர்வீரன், இனிச் சண்டை போடமாட்டேன் என்று படையை விட்டு விலகினார். அவருடைய திருநாள் நவம்பர் 11. முதல் உலகப்போர் ஓய்ந்ததும் 1918இல் அதே நாள். அமெரிக்காவில் அது 1954 முதல் படைவீரர் தினம். யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை, அப்படி அமைந்துவிட்டது. வாளைக் கீழே போட்டவரின் நாளில் வாள் பிடித்தவர்களைக் கௌரவிக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட கேள்வி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. லீஜன் சாசனத்தின் முகவுரை 'கடவுளுக்காகவும் நாட்டுக்காகவும்' என்றே தொடங்குகிறது. அந்த 'உம்' எனக்கும் உறுத்தும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால், நாடு செய்வதெல்லாம் கடவுளுக்குச் சம்மதம் என்று தோன்ற ஆரம்பிக்கும். சகோதரத்துவம் பேசிய இதே அமைப்பில், தெற்கு மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் நெடுங்காலம் தனி போஸ்ட்டுகளில்தான் இருக்கவேண்டியிருந்தது. அங்கேயும் ஜெபம் நடந்தது, இங்கேயும் நடந்தது.

சரி, அதற்காக ஒதுங்கிவிடலாமா? 1943 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டிய நேரம். கிரீன்லாந்தை நோக்கிப் போன டார்செஸ்டர் என்ற படைக்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. சுமார் 900 பேர் இருந்த கப்பல் அரை மணி நேரத்துக்குள் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்கள் 230 பேர். கப்பலில் நான்கு சாப்ளெய்ன்கள் இருந்தார்கள்: மெதடிஸ்டு போதகர் ஜார்ஜ் ஃபாக்ஸ், யூத ரபி அலெக்சாண்டர் குட், சீர்திருத்தச் சபையின் கிளார்க் போலிங், கத்தோலிக்க குரு ஜான் வாஷிங்டன். உயிர்காப்பு அங்கி போதாமல் போனபோது நால்வரும் தங்களுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தளத்திலேயே நின்றார்கள். வாங்கிக்கொண்டவன் எந்த மதம் என்று கேட்கவில்லை. இதில் ஃபாக்ஸ் முதல் உலகப்போரிலேயே மருத்துவப் பிரிவில் இருந்தவர். வெர்மாண்ட் மாநில லீஜனுக்குச் சாப்ளெய்னாக இருந்தவர். அதாவது நீங்கள் போனதைப் போன்ற ஹால்களில் எழுந்து ஜெபித்த ஆள். அவர்கள் போருக்கு ஆசி கொடுத்தார்களா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. போருக்குள் அகப்பட்டவர்களை விட்டுப் போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 3ஐ ஒட்டிய ஞாயிறன்று பல போஸ்ட்டுகளில் அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

அப்புறம் அந்த மேசை. அடுத்த முறை கிட்டே போய்ப் பாருங்கள். காணாமல்போனவர்களுக்கும் போர்க்கைதிகளுக்குமாகப் போட்டது அது. வெள்ளை விரிப்பு, ஒற்றைச் சிவப்பு ரோஜா. தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை, அவர்கள் விதியின் கசப்புக்காக. கொஞ்சம் உப்பு, வீட்டாரின் கண்ணீருக்காக. கவிழ்த்த கண்ணாடிக் குவளை, அவர்களால் சேர்ந்து குடிக்க முடியாது என்பதற்காக. காலி நாற்காலி. பைபிள் எல்லா இடத்திலும் இருப்பதில்லை; வைக்கலாமா கூடாதா என்று நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பைபிள் இல்லாவிட்டாலும் அது ஒரு ஜெபம்தான். திருவிருந்து மேசை முன்னால் முழங்கால் போட்ட உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மேசையில் வெற்றி பற்றி ஒரு சொல்லும் கிடையாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆகவே போங்கள். பெரியவரிடம் வியட்நாமைப் பற்றி நீங்களாகக் கேட்கவேண்டாம். போன வாரத்தைவிட மீன் மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று ஆரம்பியுங்கள். அந்த மேசை யாருக்காக என்று உங்கள் பிள்ளை கேட்டால், பதிலை அவரே சொல்லட்டும். சொல்லாவிட்டாலும் உட்கார்ந்திருங்கள். அங்கே பல பேர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், நாற்பது ஐம்பது வருடமாக.