கரண்டியை வணங்கிய நாகரிகம்

அன்புள்ள ஐயா,

இல்லாத ஒரு பழங்கால நாகரிகத்துக்கு வேடிக்கையாக வரலாறு எழுதிப் பார்த்தேன். கரண்டியைத் தெய்வமாக வணங்கும் மக்கள், பின்பக்கமாகவே நடந்து 9,999 ஆண்டுகள் ஆண்ட அரசன், தும்மினால் மரண தண்டனை என்று நாற்பது வழக்கங்கள் வைத்திருக்கிறேன். படித்தவர்கள் முதல் பக்கத்தில் சிரித்தார்கள், மூன்றாம் பக்கத்தில் மூடிவிட்டார்கள். எங்கே பிசகுகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நாற்பது வழக்கங்களுக்கும் ஒன்றோடொன்று உறவே இல்லை, அதுதான் சிக்கல். கரண்டியை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள். வினோதம் ஒன்று போதும். அதன்பின் வருவதெல்லாம் கறாரான நியாயத்தோடு வரவேண்டும். கரண்டி தெய்வமென்றால் சமைத்ததை எதைக்கொண்டு எடுத்தார்கள்? கையாலென்றால் ஆறவைத்துத்தான் உண்டிருப்பார்கள். அகழ்வில் அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களே கிடைக்கவேண்டும். வார்ப்பில் பிசகிய கரண்டியை உருக்கலாமா, அடக்கம் செய்யவேண்டுமா? அடக்கம்தான் என்றால் வெண்கலம் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். சில தலைமுறைகளில் கத்திக்கு உலோகம் இருக்காது, செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் அண்டை நாட்டோடு போர் மூளும். அகப்பையும் தெய்வமா என்ற கேள்வியில் மதம் இரண்டாக உடையும். இவ்வளவும் ஒரே கரண்டியிலிருந்து வருகிறது!

அடுத்து, விசித்திரம் மக்களிடமா, எழுதும் வரலாற்றாசிரியரிடமா என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். இரண்டையும் கலந்தால் வாசகருக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. மக்கள் விசித்திரமானவர்களென்றால் ஆசிரியர் நிதானமாக இருக்கவேண்டும். பூனை இறந்த வீட்டில் எகிப்தியர் புருவத்தையும், நாய் இறந்தால் உடல் முழுவதையும் மழித்துக்கொள்வார்கள் என்று பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். வியப்புக்குறியோ கேலியோ கிடையாது. ஆசிரியரே விசித்திரமென்றால் பொருளை முதலில் துல்லியமாகச் சொல்லுங்கள்: அடுப்பருகே கிடைத்தது, வெண்கலம், நீளம் 14 செ.மீ., பிடி தேய்ந்தது. முடிவு மட்டும் ஒரு படி தாண்டட்டும்: பக்தர்கள் தொட்டு வணங்கியதால் தேய்ந்தது. அது வெறும் சமையல் கரண்டி என்று வாசகர் தானே கண்டுபிடிப்பார், அந்தக் கணத்தில்தான் சிரிப்பு வருகிறது. மானுடவியலாளர் ஹோரஸ் மைனர் 1956இல் நாசிரெமா என்ற இனத்தின் உடற்சடங்குகளை இப்படித்தான் விவரித்தார். அவர் காட்டியது அமெரிக்கர்களின் குளியலறையை.

எண்களில் கவனம் தேவை. 9,999 என்பது பெரிய எண்ணாக மட்டுமே நிற்கிறது. இன்றைய ஈராக்கின் தெற்கில் வாழ்ந்த சுமேரியரின் அரசர் பட்டியலில் எரிடு நகரின் அலுலிம் 28,800 ஆண்டுகள் ஆள்கிறான். அது 3,600இன் எட்டு மடங்கு. அறுபதின் அடுக்கில் எண்ணிய மக்களுக்கு 3,600, அதாவது அறுபது அறுபது, ஒரு முழு அலகு. அவர்களுடைய மிகைக்கும் அவர்களுடைய கணக்குதான். உங்கள் மக்கள் எதில் எண்ணினார்கள் என்று தீர்மானித்தபின் ஆண்டுகளைப் போடுங்கள்.

அரசன் கட்டாயம் வேண்டுமென்றால், பின்பக்க நடையை விட்டுவிட்டு ஒரு விதியை எழுதி அதிலுள்ள ஓட்டையைத் தேடுங்கள். சுமேரியர் வாழ்ந்த அதே மெசொப்பொத்தேமியாவில் கெட்ட சகுனம் தோன்றினால் அரசனுக்குப் பதிலாக வேறொருவனை அரியணையில் அமர்த்தும் வழக்கம் உண்டு. கேடு அவன் தலையோடு போகும் என்பது நம்பிக்கை. இசின் நகர அரசன் எர்ரா-இமித்தி தன் தோட்டக்காரன் என்லில்-பானியை அப்படி அமர்த்தினான். சூடான கஞ்சியைக் குடித்தபோது அரசனே இறந்துபோனான் என்கிறது பழைய குறிப்பு. அரியணையில் இருந்த தோட்டக்காரன் எழுந்திருக்கவில்லை, அரசனாகவே நீடித்தான்.