பட்டி வைத்தும் கதவு நிலை ஓரம் மறுபடி கோடு விடுவது ஏன்?

கேள்வி: வீட்டுக்குத் திரும்ப பெயின்ட் அடிக்கப் போகிறோம். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து இடைவெளியைப் போன முறை பெயின்டர் பட்டி வைத்து அடைத்தார். கோடையில் மறுபடி கோடு விழுந்துவிட்டது. ஒரு கதவுக்கு நாங்களே சிலிக்கான் வைத்தோம்; அதன்மேல் பெயின்ட் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பெயின்டரின் கைவேலையில் குறையில்லை, பொருள்தான் பொருந்தவில்லை. மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும், சுவர் அசையாது. காய்ந்த பட்டி கல் மாதிரி, இழுத்தால் விட்டுவிடும். அங்கே வேண்டியது காய்ந்தபிறகும் நெகிழ்கிற, பெயின்ட் பிடிக்கிற அக்ரிலிக் சீலன்ட். சிலிக்கானுக்கு ஏற்ற இடம் குளியலறையும் கண்ணாடி ஓரமும்தான். நீங்கள் வைத்ததைக் கத்தியால் அறுத்தெடுத்து, மிச்சத்தைச் சுரண்டி, 120-ஆம் எண் உப்புத்தாள் போடுங்கள். எண்ணெய்ப் பசை போல ஒரு படலம் மிஞ்சினாலும் அந்த இடத்தில் பெயின்ட் விலகி நிற்கும்.

பழைய பட்டியையும் முழுக்கச் சுரண்டி, பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பலர் தாண்டிப்போகிற வேலை இதுதான். தூசி இருந்தால் சீலன்ட் தூசியோடு ஒட்டும், சுவரோடு ஒட்டாது. சுவர்ப் பட்டி, பிரைமர் இரண்டும் முடிந்தபின் சீலன்ட், கடைசியில் பெயின்ட். சீலன்ட் மேல் பட்டி இழுக்க விடாதீர்கள். அடியில் நெகிழ, மேலே உடையும்.

சந்து ஆழமாக இருந்தால் முதலில் நுரைக்கயிறு (பேக்கர் ராட்) திணியுங்கள். 10 மி.மீ. அகலத்துக்கு 5 மி.மீ. ஆழம் சீலன்ட் போதும். அது சந்தின் இரண்டு பக்கங்களில், அதாவது நிலையிலும் சுவரிலும் மட்டும் ஒட்ட வேண்டும்; அடியிலும் ஒட்டினால் இழுபட வழியில்லாமல் கிழியும்.

சீலன்ட் டியூபின் மூக்கைச் சந்தின் அகலத்தைவிடச் சற்றுச் சிறிதாக, சாய்வாக வெட்டுங்கள். டியூபை அழுத்தும் கன்னை (gun) ஒரே சீராக நகர்த்தி, ஈர விரலால் ஒருமுறை மட்டும் வழியுங்கள். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் ஈரமாக இருக்கும்போதே உரித்துவிட வேண்டும். தண்ணீர் வற்றுவதால் மறுநாள் சற்றுக் குழிந்திருக்கும். இன்னொரு முறை நிரப்புங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். ஒரு நாள் முழுக்க விட்டு பெயின்ட் அடியுங்கள்.

5 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழம் உள்ள சந்துக்கு 300 மி.லி. டியூப் 12 மீட்டர் வரும். ஏழடிக்கு மூன்றடிக் கதவின் ஒரு பக்கம் சுமார் 5.2 மீட்டர், ஆக, இருபுறமும் சேர்த்து கதவுக்கு ஒரு டியூப்.

முடிந்தால் பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். மரம் சுருங்கிச் சந்து அகலமாக இருக்கும்போது நிரப்பினால், மழையில் சீலன்ட் நசுங்குமே தவிர இழுபடாது. மழைக்காலத்தில் நிரப்பினால் நேர் எதிர்.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்து நீளக் கோட்டுக்கு இது உதவாது; பூச்சை வெட்டி, வலை வைத்துத் திரும்பப் பூச வேண்டும்.

ஜன்னல்களையும் இதே கையோடு அடைப்பீர்கள் என்றால் ஒன்று: நகரும் ஜன்னல் சட்டத்தின் அடியில் வெளிப்பக்கம் உள்ள சிறு துளைகள் விரிசல் அல்ல, மழைத்தண்ணீர் வெளியேறும் வழி. அவற்றை அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும்.