சின்ன மீன்பிடி போட்டுல கரண்ட் வேலை: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

கேள்வி நிறைய சேர்ந்துடுச்சு, எல்லாமே 12 வோல்ட் பேட்டரி வச்சிருக்கற சின்ன படகு பத்திதான், அதனால ஒரே மூச்சுல எழுதிடறேன்.

கார் பேட்டரி ஒண்ணு சும்மா கிடக்கு, அதையே மாட்டிக்கலாமா? எத்தனை ஏஹெச் (ஆம்ப பெருக்கல் மணி நேரம், பேட்டரியோட கொள்ளளவு) வேணும்?

மாட்டலாம், ஆனா சீக்கிரம் படுத்துடும். கார் பேட்டரி இன்ஜினை கிளப்பற ரெண்டு மூணு செகண்டுக்கு கரண்டை அள்ளி கொடுக்கறதுக்குன்னே செஞ்சது, ராத்திரி பூரா லைட் எரிய விட்டு காலி பண்ணி மறுபடி ஏத்தற பொழப்பு அதுக்கு ஆகாது. அந்தப் பொழப்புக்குன்னே வர்ற டீப் சைக்கிள் பேட்டரின்னு கேட்டு வாங்குங்க. கணக்கு ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல: வழி லைட் (ராத்திரி மத்த போட்டுக்கு நம்மள காட்டற சிவப்பு, பச்சை, வெள்ளை லைட்) எல்லாம் எல்ஈடின்னா மொத்தம் 1 ஆம்ப், 10 மணி நேரத்துக்கு 10 ஏஹெச். எக்கோ சவுண்டர் (ஆழமும் மீனும் காட்டற கருவி) இன்னொரு 10. விஹெச்எஃப் செட் (கடல்ல பேசற ரேடியோ) சும்மா கேட்டுட்டு இருந்தா அரை ஆம்ப், அது 5 (25 வாட்ல பேசும்போது 5, 6 ஆம்ப் இழுக்கும், ஆனா யாரும் மணிக்கணக்கா பேசறதில்லயே). வலை இழுக்கற நேரம் 20 வாட் லைட் 4 மணி நேரம், கிட்டத்தட்ட 7. ஆக 32. லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு கீழ இறக்கக்கூடாது, அப்ப 64 வேணும், 75 ஏஹெச் வாங்கிட்டா நிம்மதி. லோடு எல்லாம் ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு மீட்டர் வச்சா 12.7 வோல்ட் காட்டுனா ஃபுல், 12.2 காட்டுனா பாதி காலின்னு வச்சுக்கங்க.

பேட்டரி புதுசு, ஆனா அணியத்துல (போட்டோட முன் முனை) லைட் மங்கலா எரியுது. பல்ப மாத்தியும் பாத்துட்டேன்.

பாவம் பல்பு, அது என்ன பண்ணும். லைட் எரியும்போதே மீட்டர பேட்டரி முனையில ஒரு தடவை, ஹோல்டர்ல ஒரு தடவை வச்சு பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா கோளாறு வழியில இருக்கு. ஒண்ணு வயர் சன்னமா இருக்கும். பேட்டரிலேர்ந்து 6 மீட்டர்னா போக வர 12 மீட்டரா கணக்கு பண்ணணும், நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க. அந்த தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல 5 ஆம்ப் ஓடுனா 0.7 வோல்ட் போச்சு, 4 ஸ்கொயர் போட்டா 0.3க்குள்ள அடங்கிடும். இன்னொண்ணு ஜாயிண்ட். வயர முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருப்பீங்க, அத பிரிச்சு பாருங்க. நான் போன மாசம் ஒண்ணு பிரிச்சேன், டேப் உள்ள பிசுபிசுன்னு உப்புத் தண்ணி, செம்பு பூரா பச்சை களிம்பு, விரலால லேசா வளைச்சதுக்கே காஞ்ச குச்சி மாதிரி பொட்டுன்னு முறிஞ்சுது. வெளிய பாத்தா டேப் புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. அதனால ஈயம் பூசின பல இழை வயர், நல்ல டூல் வச்சு கிரிம்ப் (ஜாயிண்ட அழுத்தி இறுக்கறது), மேல உள்பக்கம் பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கி இறுகற குழாய்), இது மூணுலயும் கஞ்சத்தனம் வேணாம். வெறும் சால்டரிங் மட்டும் போதும்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, அதிர்வுல சால்டர் முடியற இடத்துலயே வயர் அறுந்துடும்.

ஃபியூஸ் ஸ்விட்ச் போர்டுல இருக்கு, பேட்டரி பக்கத்துலயும் வேணுமா?

வேணும், அதுதான் முக்கியமே. ஃபியூஸ் காப்பாத்தறது லைட்ட இல்ல, வயர. பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆச்சுன்னா போர்டுல இருக்கற ஃபியூஸுக்கு விஷயமே தெரியாது, வயர் பழுக்கக் காஞ்சு தீப்பிடிச்சுக்கும். பாசிட்டிவ் முனையிலேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள மெயின் ஃபியூஸ் போட்ருங்க. அப்புறம் ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபியூஸ், 2.5 ஸ்கொயர் வயருக்கு 15 ஆம்ப்னா சரி. ஃபியூஸ் போகுதுன்னு கம்பி கட்டி விடறவங்களுக்கு சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல.

பில்ஜ் பம்ப (போட்டு அடியில சேர்ற தண்ணிய வெளிய தள்றது) மெயின் ஸ்விட்ச் வழியா கொடுக்கலாமா?

கூடாதுங்க. கரைக்கு வந்ததும் மெயின ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்கு போயிடுவீங்க, ராத்திரி மழை கொட்டும், தண்ணி ஏறுனா பம்ப தானா ஓட வைக்கற ஃப்ளோட் ஸ்விட்ச் மிதந்தும் பம்ப் ஓடாது, காலையில போட்டு தண்ணிக்குள்ள. நேரா பேட்டரிலேர்ந்து தனி ஃபியூஸ் வச்சு ஃப்ளோட் ஸ்விட்ச்சுக்கு கொடுங்க. பம்ப் ஒயர் ஜாயிண்ட் தண்ணி தொடற உயரத்துக்கு மேல இருக்கட்டும்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற சின்ன அவுட்போர்டு (போட்டுக்கு பின்னாடி வெளிய மாட்டற இன்ஜின்). லைட்டுக்குன்னு ரெண்டு வயர் வெளிய வருது, அத பேட்டரில கொடுத்தா சார்ஜ் ஆகுமா?

நேரா கொடுக்காதீங்க. அது லைட்டிங் காயில்லேர்ந்து வர்ற ஏசி கரண்ட், நடுவுல ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் (ஏசிய டிசியா மாத்தி வோல்ட்ட கட்டுல வைக்கறது) போட்டாதான் பேட்டரிக்கு ஆகும். அப்படியும் ஸ்லோவா ஓட்டுனா சொற்பமாத்தான் ஏறும். எனக்கு கேட்டா 50 வாட் சோலார் பேனல் ஒண்ணு மாட்டிடுவேன், நல்ல வெயில்ல 3 ஆம்ப்கிட்ட வரும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜ கட்டுப்படுத்தற கன்ட்ரோலர்ல மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல், கழட்டும்போது பேனல் முதல்ல. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்கறதால பேட்டரிய காத்து போற பெட்டியில வைங்க, பெட்ரோல் டேங்க் பக்கத்துல வேணவே வேணாம்.

இன்ஜின் ஓடுனா விஹெச்எஃப் செட்டுல கர்ருன்னு சத்தம்?

செட்டுக்கு பேட்டரிலேர்ந்தே தனி லைன் இழுங்க, இன்ஜின் வயரோட சேத்து கட்டாதீங்க. பாதி கேஸ் இதுலயே சரியாகும்.

வழி லைட்ல சிவப்பு எந்தப் பக்கம்?

முன்னாடி பாத்து நின்னா இடது சிவப்பு, வலது பச்சை. 12 மீட்டருக்கு குறைவான போட்டுன்னா இதோட சுத்திலும் தெரியற வெள்ளை ஒண்ணு மேல இருந்தா போதும். வலை விட்டு மீன் பிடிக்கும்போது சிவப்புக்கு கீழ வெள்ளை, இழுவலைன்னா பச்சைக்கு கீழ வெள்ளை, அதனால போர்டுல அதுக்கு தனி ஸ்விட்ச் இப்பவே விட்டு வைங்க, அப்புறம் ஓட்டை போட்டுட்டு நிக்க வேணாம்.