ஒரே பாட்டு, இரண்டு இயர்போன்: காதை எப்படி நம்புவது?

கேள்வி: காதுக்குள் செருகும் விலை குறைந்த இயர்போன் என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, அதிர்கிறது; கேட்டவுடனே பிடித்துவிட்டது. மற்றது சப்பென்று இருக்கிறது. ஆனால் இரண்டாவதுதான் தரமானது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். பெட்டியைப் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்கள். கருவி எதுவும் இல்லாமல், வெறும் காதை வைத்து எது நல்ல ஒலி என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். உங்கள் நண்பர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் இருவருமே அந்த இயர்போன்களை இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த வகை இயர்போனில் முதல் ஐந்து நிமிடம் நாம் கேட்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்களை: ரப்பர் டிப் காதில் எப்படி உட்கார்ந்தது, எது கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலித்தது. இவ்விரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான் இயர்போனின் சொந்தக் குணம்.

முதலில் டிப்பைப் பார்ப்போம். இயர்போனுக்குள் இருக்கும் சவ்வு சில மில்லிமீட்டர் அகலமே உள்ளது. திறந்த வெளியில் அதனால் பேஸ் எழுப்பவே முடியாது. காதுத்துளையை டிப் இறுக அடைத்து, உள்ளே சிக்கிய சிறிதளவு காற்றைச் சவ்வு அமுக்கி இழுக்கும்போதுதான் அந்த அடிநாதம் உருவாகிறது. டிப்புக்கும் தோலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் கசிந்துவிடும். மேல்ஸ்தாயி ஒலிகள் அப்படியே கேட்கும், கீழ்ஸ்தாயி மட்டும் காணாமல் போகும். உங்கள் இரண்டாவது இயர்போன் 'சப்பென்று' இருப்பதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

சோதிப்பது எளிது. பாட்டு எதுவும் ஓடாமல் இரண்டையும் காதில் செருகிக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைப்பு சரியாக இருந்தால் உங்கள் குரலே மண்டைக்குள் கனமாக முழங்கும், அதுவும் இரு பக்கமும் ஒரே அளவில். ஒரு பக்கம் மட்டும் முழங்கினால் மறுபக்கம் கசிகிறது. அடுத்து பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் ஏறி, விட்டதும் இறங்கினால் ஒரு அளவு பெரிய டிப்பை மாட்ட வேண்டும். செருகும்போது மற்றொரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துளை சற்று நேராகி டிப் ஒழுங்காக உள்ளே போகும். செருகும்போது உள்ளே 'டிக்' என்று மடங்கும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். அடைபட்ட காற்று சவ்வைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். மெதுவாகச் செருகுங்கள்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு இயர்போனில் இடப்பக்கம் பேஸ் இல்லை என்று ஒரு வாரம் திட்டித் தீர்த்தேன். திருப்பி அனுப்பலாம் என்று பெட்டியில் வைக்கப்போகும் நேரத்தில், எதற்கும் பார்ப்போமே என்று இடம் வலம் மாற்றிச் செருகினேன். குறை இயர்போனோடு வலப்பக்கம் வரவில்லை, இடது காதிலேயே நின்றது. என் இடது காதுத்துளை வலதைவிடச் சற்றுப் பெரிது, பழுது அங்கேதான். அன்றிலிருந்து இடதுக்குப் பெரிய டிப், வலதுக்கு நடுத்தர டிப். நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். பெட்டியில் மூன்று அளவு டிப் கொடுப்பது ஒரு ஜோடியை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காக அல்ல.

அடுத்தது சத்தம். ஒரே பாட்டை ஒரே இயர்போனில் ஒரு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூட்டி வைத்துக் கேளுங்கள். 'சத்தம் கூடியது' என்று தோன்றாது. 'தெளிவாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறது' என்றுதான் தோன்றும். போதாததற்கு, சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸை விகிதத்துக்கு மேலாக இழக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை வரைபடமாக்கிக் காட்டினார்கள். ஆக, போனில் வால்யூம் அளவை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இயர்போனை மாற்றி மாற்றிக் கேட்டால், எது அதிகம் கத்துகிறதோ அது ஜெயிக்கும். அந்தப் போட்டியே செல்லாது.

சமப்படுத்த மீட்டர் தேவையில்லை. பாட்டை விட்டுவிட்டு, ஒருவர் நிதானமாகப் பேசும் பதிவு ஒன்றை எடுங்கள். செய்தி வாசிப்பு போதும். ஒவ்வொரு இயர்போனிலும் வால்யூமை அடியிலிருந்து ஏற்றி, அந்த ஆள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். பேஸ் அதிகமுள்ள பாட்டை வைத்து அளந்தால் காது ஏமாறும், பேச்சில் அது குறைவு. போனின் வால்யூம் படிகள் பெரிதாக இருந்தால், பாட்டு ஆப்பிலேயே தனி ஸ்லைடர் இருக்கிறதா பாருங்கள். முக்கியமாக, போனுக்குள் பேஸ் பூஸ்ட், சரவுண்ட் என்று ஏதாவது முன்பே இயங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பெட்டியில் உள்ள எண்களுக்கு ஒரு பத்தி போதும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் ஏற ஏற ஸ்தாயி ஏறும். '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்பது, எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சேர்த்துச் சொல்லாதவரை ஒன்றையும் சொல்வதில்லை. 40,000 வரை என்று போட்டிருந்தால் அது மனிதக் காதுக்கே எட்டாது. 10 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு), நான்கு டிரைவர் எல்லாம் உறுப்புகளின் கணக்கு. 16 ஓம், 32 ஓம், சென்சிடிவிட்டி ஆகியவை எவ்வளவு எளிதாகச் சத்தம் எழும் என்பதை மட்டும் காட்டும். விலையும் பெரிய துப்பு கொடுக்காது. யெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. மலிவான இயர்போனை ஆக்குவதும் கெடுப்பதும் பெரும்பாலும் டியூனிங்தான், அதாவது எந்தெந்த ஸ்தாயிக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள் என்பது.

அந்த எடையைக் காதால் எப்படி நிறுப்பது? புதிய பாட்டு வேண்டாம். நூறு முறை கேட்டு, எந்த இடத்தில் என்ன வரும் என்று மனப்பாடமான நாலைந்து பதிவுகள் போதும். நான் எடுத்துக்கொள்பவை இவை.

முதலில் குரல். தமிழ் கேட்கிறவர்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. ல, ள, ழ மூன்றையும் சுத்தமாக உச்சரிக்கும் ஒருவரின் பதிவை எடுங்கள். இந்த மூன்றையும் காது பிரித்தறிய உதவும் அடையாளங்களில் முக்கியமானது ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. மலிவு இயர்போன்கள் பலவற்றில் பேஸ் தன் எல்லையைத் தாண்டி 200, 300 ஹெர்ட்ஸ் வரை வீங்கி, இந்த மேல்பகுதியைப் போர்த்திவிடும். அப்போது ஆண்குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். 'மழை' என்ற சொல்லின் ழ மழுங்கிவிடும். இதே பகுதியை மிகையாகத் தூக்கியிருந்தால் எதிர்மாறு: குரல் தொலைபேசியில் வருவதுபோல் மெலிந்து, மூக்கால் பேசுவதாகத் தோன்றும். இரண்டுக்கும் நடுவில், அந்த மனிதரின் நெஞ்சும் உதடும் ஒருசேரக் கேட்டால் அந்த இயர்போனில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து மிருதங்கம். வாத்தியங்களில் இதைவிட நேர்மையான பரிசோதகரை நான் பார்த்ததில்லை. இடப்பக்கத் தொப்பியில் கும்கி (தோலைக் கையால் அழுத்தித் தேய்த்து எழுப்பும் ஒலி) விழும்போது, அந்த 'கும்' வழுக்கிக்கொண்டு மேலேறுவதைக் கவனியுங்கள். நல்ல இயர்போனில் அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று விரலால் வரைந்துவிடலாம். பேஸ் மட்டும் பெருத்த இயர்போனில் எல்லா அடியும் ஒரே 'தும் தும்'. கும்கிக்கும் சாதாரண அடிக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் முதல் இயர்போனில் இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். அதிர்வது ஒன்று, சுருதியோடு ஒலிப்பது வேறு. அதே நேரம் வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், விழும் சாப்பு என்ற அடி கணீரென்று தனியாகக் கேட்க வேண்டும். தொப்பியின் கார்வை அதை விழுங்கக்கூடாது.

தம்புராவும் இருக்கிறது. கச்சேரிப் பதிவின் தொடக்கத்தில் பாடகர் வாய் திறக்கும் முன் சில நொடி தனியாகக் கேட்கும். தந்திக்கு அடியில் குதிரைமேல் வைக்கும் நூலால் அதில் அடுக்கடுக்காக மேல்சுரங்கள் எழும். அது ஒரு தேனீக்கூட்டம் மெல்ல நகர்வதுபோல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரே ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு 'ஙீ' என்று நின்றால், அந்த இடத்தில் இயர்போனுக்கு ஒரு மேடு இருக்கிறது, அதாவது அந்த ஸ்தாயியை மட்டும் மிகையாகத் தூக்குகிறது. கைத்தாளத்தின் 'ணங்' தேய்ந்து அடங்காமல் 'ஸ்ஸ்' என்று மணல் தேய்ப்பதாகக் கேட்டாலும், பாடகியின் ஒவ்வொரு 'ஸ'வும் ஊசியாய்க் குத்தினாலும் மேடு மேலே, 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். முதலில் இது 'தெளிவு' போலத்தான் மயக்கும். அரைமணி நேரத்தில் காது களைத்துக் கழற்றி வைப்பீர்கள். ஆனால் இந்தப் பகுதி, டிப்பை எவ்வளவு ஆழமாகச் செருகினோம் என்பதைப் பொறுத்தும் இடம் மாறும். கொஞ்சம் வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நிறையப் பேர் செய்யாத சோதனை இன்னொன்று உண்டு. பாடகர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருக்க, அடியில் கனமான டிரம் விழும் இடம் ஒன்றைத் தேடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் குரல் லேசாக நடுங்குகிறதா? நடுங்கினால், ஒரே சவ்வால் இரண்டு வேலையையும் சமாளிக்க முடியவில்லை. வழக்கமான சத்தத்திலேயே நடுங்கினால் அந்த இயர்போன் எனக்கு வேண்டாம்.

இடம் வலம் பொருத்தம் பார்க்க, பேச்சுப் பதிவை மோனோவில் (இரு பக்கமும் ஒரே ஒலி வரும் முறை) போடுங்கள். போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோ என்று இருக்கும். குரல் மண்டைக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும். பிறகு ஒற்றைச் சுரத்தை எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றில் அந்தச் சுரத்தைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்றுங்கள், வால்யூம் மிகவும் குறைவாக. ஒலி நடுவிலிருந்து ஒரு பக்கமாக நழுவுகிறதா, எங்காவது கரகரக்கிறதா என்பது மட்டுமே இங்கே கேள்வி. 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் கூடுவதாகத் தோன்றினால் அதை இயர்போன் கணக்கில் எழுதாதீர்கள். மனிதக் காதே அங்கேதான் கூர்மை. பழைய இயர்போனில் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் முதலில் வெளிச்சத்தில் பிடித்து அதன் வலையைப் பாருங்கள். பெரும்பாலும் காதழுக்குதான்.

உங்களுடையது புளூடூத் வகையா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால், அழைப்பிலோ வீடியோ கூட்டத்திலோ மைக் இயங்கும்போது ஒலித்தரத்தை எடைபோட வேண்டாம். மைக் திறந்ததும் இணைப்பு பெரும்பாலும் பேச்சு முறைக்குத் தாவும். பாட்டும் அந்தக் குறுகிய குழாய் வழியாகத்தான் வரும். அந்த நேரத்தில் பெரும்பாலான இயர்போன்கள் மோசமாகவே கேட்கும்.

இனி உங்கள் 'சப்பென்று' விஷயத்துக்கு வருகிறேன். மூளை பழகிக்கொள்ளும் வேகம் வியப்பானது. பேஸ் அதிகமான ஒன்றைக் கேட்டுவிட்டு உடனே சமநிலையான ஒன்றை மாட்டினால் அது வெறுமையாகத்தான் தோன்றும், இனிப்புத் தின்ற வாயில் பழம் புளிப்பதுபோல. 'நூறு மணி நேரம் ஓடவிட்டால் இயர்போன் பழகும்' என்பார்கள். பழகுவது பெரும்பாலும் நாம்தான் என்பது என் கட்சி. ஆகவே டிப்பைச் சரிசெய்தபின் மூன்று நாள் இரண்டாவதை மட்டும் பயன்படுத்துங்கள். நான்காம் நாள் முதலாவதுக்குத் திரும்புங்கள். அந்தத் திரும்புதலில், முதல் ஒரு நிமிடத்தில் மனம் சொல்வதை எழுதி வையுங்கள். 'அப்பா, இதோ பாட்டு' என்றால் உங்களுக்குப் பேஸ் பிடித்திருக்கிறது. அதில் தப்பே இல்லை. 'என்ன இது, கம்பளிக்குள் பாடுகிறார்கள்' என்றால் நண்பர் ஜெயித்தார்.

முதலாவதையே வைத்துக்கொள்வதாக முடிவானால், ஈக்வலைசரில் (ஒவ்வொரு ஸ்தாயியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் அமைப்பு) 200, 250 ஹெர்ட்ஸ் பட்டையை மூன்று நான்கு டெசிபல் இறக்கிப் பாருங்கள். அதிர்வு அப்படியே இருக்க, குரல் மட்டும் போர்வையை உதறிக்கொண்டு வெளியே வரும். இரண்டாவதில் பேஸ் போதாவிட்டால் ஏற்றலாம், ஆனால் கொஞ்சமாக. ஏற்றும்போது குரல் நடுங்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். டியூனிங் குறையை ஈக்வலைசர் ஓரளவு சரிக்கட்டும். கரகரப்பையும், டிப் மாற்றியும் இடம் வலம் மாற்றியும் தீராத பக்கச் சாய்வையும் அது சரிக்கட்டாது. அந்தக் குறை இரண்டில் எதில் தெரிந்தாலும், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.